மகனுக்கு நாற்காலி, அப்பாவிடம் டோக்கன்

மும்பையில் பல வருடமாகக் கம்பெனி செக்ரட்டரியாகத் தொழில் செய்கிறேன். கம்பெனிகளின் தீர்மானம், படிவம் போன்ற சட்ட வேலைகளைப் பார்ப்பவன். பெரும்பாலும் மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் கம்பெனிகள். அதில் ஒன்று அந்தேரியில் உள்ள டப்பிங் ஸ்டுடியோ. அதைத் தொடங்கியவர் தன் 68-வது வயதில் மகனை மேனேஜிங் டைரக்டர் ஆக்கினார். தீர்மானம் போட்டோம், படிவம் தாக்கல் செய்தோம், எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்கள்.

ஏழு மாதத்தில் மகன் விலகிச் சிங்கப்பூர் போய்விட்டார்.

விசாரித்தபோதுதான் தெரிந்தது. பேங்க் மேன்டேட், அதாவது கம்பெனிக் கணக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரம், அப்பா பெயரிலேயே இருந்திருக்கிறது. மகன் கம்ப்யூட்டரில் கையெழுத்திடப் பயன்படும் சின்னக் கருவியான டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கூட அப்பாவின் மேசை டிராயரில்தான். மகன் ஒரு மைக் வாங்கச் சொன்னால்கூட, கணக்குப் பார்ப்பவர் அடுத்த அறைக்குப் போய் "ஐயா, வாங்கலாமா?" என்று கேட்டுவிட்டு வருவாராம். இதையெல்லாம் நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இன்றும் அது மனதை உறுத்துகிறது.

வாரிசுக்கு அனுபவம் பத்தாது என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நான் பார்த்தவரை, போகிறவர் போகாததால்தான் பல இடங்களில் காரியம் கெடுகிறது.

டிஸ்னியைப் பாருங்கள். 2005 முதல் தலைமை நிர்வாகியாக இருந்த பாப் ஐகர், ஓய்வு பெறும் தேதியைப் பலமுறை தள்ளிப்போட்டார். அடுத்த தலைவர் என்று பேசப்பட்ட டாம் ஸ்டாக்ஸ் 2016-ல் விலகினார். 2020 பிப்ரவரியில் பாப் சாபெக் தலைமை நிர்வாகி பதவிக்கு வந்தார். ஆனால் ஐகர் 2021 கடைசிவரை நிர்வாகத் தலைவராக (எக்ஸிக்யூட்டிவ் சேர்மன்) அங்கேயே இருந்து, படைப்புப் பணிகளைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டார். எந்தக் கதையைப் படமாக்குவது என்பதுதானே அந்தத் தொழிலுக்கு உயிர்? அதைக் கையில் தராமல் ஒருவரைத் தலைவர் என்று எப்படிச் சொல்வது? கொரோனாவில் பூங்காக்களும் மூடிக்கிடந்தன. சாபெக் பக்கமும் தவறுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2022 ஜூனில் இயக்குநர் குழு அவர் ஒப்பந்தத்தை மூன்று ஆண்டு நீட்டித்தது. நவம்பரில் அவரை அனுப்பிவிட்டு ஐகரையே திரும்பக் கூப்பிட்டது!

அப்புறம், 2025 ஜனவரியில் ஜேம்ஸ் கோர்மன் டிஸ்னி இயக்குநர் குழுவின் தலைவராக வந்தார். அதற்கு முன் மார்கன் ஸ்டான்லி என்ற அமெரிக்க வங்கியின் தலைமை நிர்வாகி பதவியிலிருந்து அவர் விலகிய விதம் எனக்குப் பிடிக்கும். 12 மாதத்துக்குள் பதவி விலகுவேன் என்று 2023 மே மாதம் பங்குதாரர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார். உள்ளேயே மூன்று பேர் போட்டியில் இருந்தார்கள். டெட் பிக் தேர்வானார், மற்ற இருவரும் கம்பெனியை விட்டுப் போகவில்லை. கோர்மனும் ஒரு வருடம் நிர்வாகத் தலைவராக இருந்தவர்தான். ஆனால் 2024 முடிந்ததும் போய்விட்டார்.

நம் ஊரில் பங்குச்சந்தையில் உள்ள லிஸ்டட் கம்பெனி என்றால், அடுத்து யார் என்ற திட்டம் இருக்கிறதா என்று இயக்குநர் குழு பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. தலைமை நிர்வாகி இடம் காலியானால் பொதுவாக மூன்று மாதத்துக்குள் நிரப்ப வேண்டும். குடும்பக் கம்பெனியைக் கேட்க அப்படி யாரும் இல்லை. நீங்களேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? பதவி மாறும் அதே நாளில் பேங்க் மேன்டேட்டையும் மாற்றுங்கள். எவ்வளவு தொகைவரை புதியவர் யாரையும் கேட்காமல் செலவு செய்யலாம் என்பதைத் தீர்மானத்தில் எழுதுங்கள். பெரியவர் ஆலோசகராக இருக்கட்டும், தப்பில்லை. அது எந்தத் தேதிவரை என்பதையும் அதிலேயே எழுதுங்கள். "பெத்த அப்பனுக்கே தேதி குறிக்கிறியா தம்பி?" என்று ஒருவர் என்னிடம் கோபப்பட்டார். அவர் மனைவிதான் சமையலறையிலிருந்து வந்து, "அடுத்த தை மாசம்னு எழுதுங்க" என்றார். எழுதிக்கொண்டேன்.