கிழமை சரி, வருடம்தான் தப்பு

"காரில் இருக்கும் பழைய ஜிபிஎஸ் கருவி வழியைச் சரியாகக் காட்டுகிறது, மணியும் சரி. தேதி மட்டும் இருபது வருடம் பின்னால் போய்விட்டது. அப்டேட் போட்டால் சரியாகுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ஆகலாம். ஆனால் அதற்கு முன்னால் கோளாறைப் புரிந்துகொள்வோம். எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது.

நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் வந்து சேரும் நேரத்தை வைத்து ரிசீவர் தன் இடத்தைக் கணக்கிடுகிறது என்பது தெரிந்ததுதான். அந்த நேரத்தைச் செயற்கைக்கோள் எப்படிச் சொல்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஜிபிஎஸ்ஸில் வருடமும் கிடையாது, மாதமும் கிடையாது. 1980 ஜனவரி 6, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இது எத்தனையாவது வாரம், இந்த வாரம் தொடங்கி எத்தனை விநாடி ஆயிற்று, இவ்வளவுதான். தகவல் இறங்குவது விநாடிக்கு 50 பிட் (0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம்) வேகத்தில். அதனால் கஞ்சத்தனமாக, வார எண்ணுக்கு 10 பிட் மட்டும் ஒதுக்கினார்கள். 0 முதல் 1023 வரை எண்ணலாம். அதற்கு அடுத்த வாரம் மறுபடியும் 0. ஏறக்குறைய 19.6 வருடத்துக்கு ஒரு சுற்று. 1999 ஆகஸ்ட் 22-இல் முதல் சுற்று முடிந்தது, 2019 ஏப்ரல் 7-இல் இரண்டாவது. அடுத்தது 2038 நவம்பரில்.

நமக்கு இது புதிதே இல்லை. தாத்தா 'குரோதி வருடத்தில் பிறந்தேன்' என்றால் அது 1964-ஆ, 2024-ஆ? அறுபது வருடச் சுற்றில் பெயர் மட்டும் போதாது. எதிரில் நிற்பவரின் நரைமுடியைப் பார்த்துத்தான் எந்தக் குரோதி என்று முடிவு செய்கிறோம்.

ரிசீவருக்கு அந்த நரைமுடியைக் கொடுப்பது ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள். அதை எழுதிய பொறியாளர் ஒரு அடிப்படைத் தேதியைப் பதித்து வைத்திருப்பார்: 'இதற்கு முந்தைய தேதி வந்தால் 1024 வாரம் கூட்டிக்கொள்.' நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்த அடிப்படைத் தேதியிலிருந்து 1024 வாரம் வரைக்கும்தான் செல்லும். அதனால் ஒவ்வொரு கருவிக்கும் கெடு வேறு வேறு. ஐபோன் 5-க்கு அது 2019 நவம்பர் 3-ஆக இருந்தது.

கெடு தாண்டினால் என்ன ஆகும்? 1024 வாரம் என்பது 7168 நாள். 2025 ஜனவரி 1-இல் இருந்து அவ்வளவு நாளைக் கழித்தால் 2005 மே 18 வரும். முன்னது புதன்கிழமை, பின்னதும் புதன்கிழமை! தப்பு முழு வாரங்களாகவே விழுவதால் கிழமை அசைவதில்லை. வாரத்துக்குள் ஓடும் விநாடிக் கணக்கைத் தொடாததால் மணியும் தப்பாது. இடம் கணிக்க வேண்டியதும் பெரும்பாலும் அந்த விநாடிக் கணக்குதான், ஆகவே வழியும் சரியாக வருகிறது. இவ்வளவு ஒழுங்கான பிழையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சரி, அப்டேட்டுக்கு வருவோம். இணையத்தில் தானாக இணையும் கருவி என்றால் ஒரு சிக்கல் உண்டு. பாதுகாப்பான இணைப்பில் சர்வர் தன் சான்றிதழைக் காட்டும். 2005-இல் இருப்பதாக நினைக்கும் கருவி, 'இந்தச் சான்றிதழ் இன்னும் அமலுக்கே வரவில்லையே' என்று இணைப்பை மறுத்துவிடும். தேதியைச் சரிசெய்யும் மருந்தை வாங்கவிடாமல் தப்பான தேதியே தடுக்கிறது. கெடுவுக்கு முன் அப்டேட் போடாத ஐபோன் 5-காரர்கள் போனைக் கணினியோடு இணைத்துத்தான் மீள வேண்டியிருந்தது.

நீங்களும் அதே வழியில் போங்கள். கணினியின் தேதி சரியாக இருக்கட்டும். கருவியைக் கணினி கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள், சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களில் டேட்டா கம்பியே இருக்காது. மேப் அப்டேட் தேதியைத் திருத்தாது, ஃபர்ம்வேரைத்தான் முதலில் போட வேண்டும். புதிய மேப் பழைய நினைவகத்தில் கொள்ளாமல் பாதியில் நிற்பதும் சகஜம். ஃபர்ம்வேர் ஏறும்போது மட்டும் தயவுசெய்து கேபிளைப் பிடுங்காதீர்கள். அப்புறம் வண்டியை வெட்டவெளியில் கால் மணி நேரம் நிறுத்துங்கள். செயற்கைக்கோள்களின் அட்டவணை முழுதாக இறங்கவே 12.5 நிமிடம் ஆகும்.

புதிய ஜிபிஎஸ் சிக்னல்களில் வார எண்ணுக்கு 13 பிட், ஒரு சுற்றுக்கு 157 வருடம். ஆனால் இந்தியாவின் சொந்த வழிகாட்டும் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக்கின் எல்5 சிக்னலிலும் 10 பிட்தான். ராக்கெட் ஏவுவதற்குக் கிடைக்கும் பணத்திலும் கவனத்திலும் ஒரு சிறு பங்காவது, தரையில் இருக்கும் ரிசீவர்களை 2038-க்குச் சோதித்துப் பார்ப்பவர்களுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தயாரிப்பாளர் உங்கள் மாடலுக்கு அப்டேட்டையே நிறுத்திவிட்டால்? கருவியைத் தூக்கிப் போடாதீர்கள், வழி கேட்க அது போதும். சூரியன் மறையும் நேரத்தைத் தப்பான தேதிக்குக் கணக்குப் போட்டு, திரை இரவு நிறத்துக்கு முன்பின்னாக மாறலாம். செட்டிங்கில் அதை மட்டும் நீங்களே கையால் மாற்றிக்கொள்ளுங்கள்.