ஹப்: குடமா, குறடா, சந்தியா?

"சேர், ஹப் எண்டால் சைக்கிள் ஹப்தானே?" மல்லாவியிலிருந்து வவுனியாவுக்கு என்னிடம் நிரலாக்கம் படிக்க வரும் பொடியன் கேட்டான். வகுப்பு சிரித்தது. அவன் கேட்டது நூற்றுக்கு நூறு சரி என்று சிரித்தவர்களுக்குச் சொல்லவே எனக்கு அரை மணித்தியாலம் போய்விட்டது.

வன்னிக்கு இந்தச் சொல் கணினியோடு வரவில்லை. "பின் ஹப் இறுகிப்போச்சு, கழட்டிக் கிறீஸ் போடவேணும்" என்று திருத்துகடையில் சொன்னால் யாரும் அகராதி தேடுவதில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் நெல்மூட்டை, விறகு, சில வேளை நோயாளி எல்லாமே சைக்கிளில் போன மண் இது. கம்பிகள் எல்லாம் எங்கே வந்து பூட்டுகின்றன என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

ஆங்கிலத்திலும் சொல் சில்லில்தான் தொடங்கியது. 17ஆம் நூற்றாண்டில் ஹப் என்றால் வண்டிச்சில்லின் நடுக்கட்டை. அதற்கு முன்பிருந்த பழைய சொல் 'நேவ்'. அதுவும் தொப்புளைக் குறிக்கும் 'நேவல்' என்ற சொல்லும் ஒரே குடும்பம். சமஸ்கிருத 'நாபி' தொப்புளையும் சில்லின் நடுவையும் ஒருங்கே குறிப்பதும் அந்த உறவால்தான். பிறகு 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஊர்களுக்கும் இப்பெயர் போயிற்று. 1858இல் எழுத்தாளர் ஒலிவர் வெண்டெல் ஹோம்ஸ் பொஸ்ரன் நகரத்து மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தைச் சூரியக் குடும்பத்தின் ஹப் என்று கேலியாக எழுத, அந்நகர் அதையே பெருமையாக எடுத்துக்கொண்டது.

நிரலாக்கத்தில் நாங்கள் படித்துக்கொண்டிருந்த ஹப், சிக்னல்ஆர் என்ற நிரல் நூலகத்தில், அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்களின் தொகுப்பில் இருப்பது. டேவிட் ஃபௌலரும் டேமியன் எட்வர்ட்சும் 2011இல் தொடங்கிய வேலை, 2018இல் மைக்ரோசொஃப்டின் இணையச் செயலிக் கட்டமைப்பான ஏஎஸ்பி.நெற் கோர் 2.1 உடன் புதிதாக எழுதப்பட்டு வந்தது. வழக்கமான இணையத்தில் உலாவி கேட்டால்தான் சேவையகம் வாய் திறக்கும். அரட்டைக்கு அது போதாது. கேட்காமலே சொல்ல வேண்டும். அதற்காகத் தொடுப்பைத் திறந்தே வைத்திருப்பார்கள். முதலில் இருபக்கமும் பேசக்கூடிய வெப்சொக்கெற் என்ற தொடுப்பு, அது சரிவராவிட்டால் வேறு இரண்டு வழி. திறந்திருக்கும் இந்தத் தொடுப்புகளுக்கிடையே செய்தியைக் கைமாற்றும் வகுப்புத்தான் ஹப். (இது பள்ளிக்கூட வகுப்பு அல்ல; நிரலில் பொருள்களை உருவாக்க எழுதிவைக்கும் அச்சு, ஆங்கிலத்தில் 'கிளாஸ்'.) எல்லோருக்கும், அனுப்பியவருக்கு மட்டும், அனுப்பியவர் தவிர்ந்த மற்றவர்களுக்கு, ஒரு குழுவுக்கு என்று ஆளைப் பார்த்துக் கொடுக்கும்.

அது ஓர் 'அப்ஸ்ட்ராக்ட்' வகுப்பு. இதைச் 'சுருக்க வகுப்பு' என்று பெயர்த்திருப்பதைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டேன். ஆய்வுக் கட்டுரைக்கு முன்னால் வரும் சுருக்கத்துக்கும் ஆங்கிலத்தில் அதே சொல் என்பதால் வந்த வினை. இங்கே எதுவும் சுருங்கவில்லை. அந்த வகுப்பிலிருந்து நேரடியாக ஒரு பொருளை உருவாக்க முடியாது, அதன் வழியாக நம் வகுப்பைப் பிறப்பித்து அதற்குத்தான் உருவம் கொடுக்கலாம் என்பதே செய்தி. ஆகவே 'அருவ வகுப்பு' பொருந்தும். சைவம் படித்தவர்கள் இன்னும் ஒருபடி மேலே போகலாம்: வெறும் ஒப்பந்தமாக நிற்கும் இடைமுகம் அருவம், நாம் எழுதும் வகுப்பு உருவம், பாதி வேலையைத் தானே செய்து வைத்துக்கொண்டு, ஆனாலும் தனியே தோன்றாத இது அருவுருவம். ஒரு கோவில் ஐயர் மகன் இதைக் கேட்டதும் எழுதிக்கொண்டான்.

இனி ஹப்புக்குத் தமிழ்ச்சொல் தேடும் வேலைக்கு வருவோம். மாட்டுவண்டிச் சில்லில் ஆரக்கால்கள் வந்து செருகும் நடுக்கட்டைக்குத் தமிழில் குடம் என்று பெயர். குறடு என்றும் உண்டு. சிலர் அச்சாணி என்கிறார்கள், அது பிழை. அச்சாணி சில்லு கழன்று போகாமல் தடுக்கும் ஆணி. குறடு என்றால் எங்கள் ஊரில் ஆணி பிடுங்கும் சாமான். மையம் என்று எழுதினால் இடம் தெரியும், வேலை தெரியாது. ஆகவே இரண்டு வருடம் 'செய்திக் குடம்' என்றே படிப்பித்தேன். எனக்கு அதில் பெருமையும் இருந்தது.

அந்தப் பெருமைக்கு விழுந்த அடி இது. தொடுப்பில் உள்ளவர்களின் எண்ணிக்கையைப் பிள்ளைகள் ஹப்புக்குள்ளேயே ஒரு மாறியில், அதாவது மதிப்பை வைத்திருக்கும் பெயரிட்ட இடத்தில், எழுதி வைத்தார்கள். எத்தனை பேர் வந்தாலும் திரையில் 1. குடம் என்றால் அதற்குள் எதையாவது ஊற்றி வைக்கலாம் என்றுதானே நினைப்பார்கள்! உண்மையில் ஒவ்வோர் அழைப்புக்கும் ஹப் புதிதாகப் பிறந்து, வேலை முடிந்ததும் இறந்துவிடுகிறது. எதையும் வைத்திருக்காது. வைப்பதென்றால் வேறிடத்தில் வைக்கவேண்டும். குழுவில் சேர்த்த தொடுப்பும் அப்படித்தான்; சிக்னல் அறுந்து மறுபடி வந்தால் புது அடையாள எண், குழுவில் திரும்பவும் சேர்க்கவேண்டும். கைபேசி சிக்னல் வந்து வந்து போகும் துணுக்காய்ப் பக்கத்தில் இதை விளங்கப்படுத்தப் பாடுபடத் தேவையில்லை.

பதில் கண்ணுக்கு முன்னாலேயே கிடந்தது. மாங்குளம் சந்தி. வடக்கே கிளிநொச்சி, தெற்கே வவுனியா, கிழக்கே ஒட்டுசுட்டான் தாண்டி முல்லைத்தீவு, மேற்கே மல்லாவி. நாலு பக்கத்துச் சாமானும் ஆளும் அங்கே வந்து திசை மாறிப் போகின்றன. சந்தி தனக்கென்று எதையும் எடுத்து வைப்பதில்லை. தமிழ்நாட்டு வாசகருக்குச் சந்தி என்றவுடன் இலக்கணம் நினைவுக்கு வரலாம். வந்தால் என்ன, அங்கேயும் இரண்டு சொல் வந்து சேரும் இடம்தானே.

இன்னொரு வசதி, 'கதை சந்திக்கு வந்திட்டுது', அதாவது ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது என்ற பேச்சு. எல்லாத் தொடுப்புக்கும் ஒரே செய்தியை அனுப்பும் கட்டளையை இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது? முன்பு கணினிகளை வயரால் இணைக்க வைத்த ஹப் பெட்டிக்கு அந்த ஒரு வேலைதான் தெரியும். ஒரு துளையில் வந்ததை மற்ற எல்லாத் துளைக்கும் கொட்டிவிடும். சிக்னல்ஆர் ஹப் அப்படியல்ல, பஸ் நடத்துநர் மாதிரி, யார் எங்கே இறங்கவேண்டும் என்று பார்த்து இறக்கும். சந்தி என்ற சொல்லில் அந்த நடத்துநர் இல்லை என்பது குறைதான். ஒத்துக்கொள்கிறேன்.

சேவையகத்தோடு தொடுப்பில் இருக்கும் பயனர் பக்க நிரலான கிளையன்ட் என்பதற்கு இன்னும் எனக்கு மனம் ஒப்பிய சொல் இல்லை. சேவையகம் வழங்கி, மற்றது வாங்கி என்பது அழகான சோடி. ஆனால் இங்கே வாங்கியும் வழங்குகிறது. அதனால் கிளையன்ட் என்றே விட்டிருக்கிறேன்.

நாங்கள் நிரல் எழுதும் சி ஷார்ப் மொழியில் வகுப்புக்குத் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம். மல்லாவிப் பொடியன் தன் அரட்டை நிரலில் ஹப்பிலிருந்து பிறப்பித்த வகுப்புக்கு 'மாங்குளம்சந்தி' என்று போட்டிருந்தான். எண்ணிக்கையை வெளியே, வேறொரு வகுப்பில் வைத்திருந்தான். ஓட்டிப் பார்த்தோம், 7 பேர் இருந்தோம், 7 என்று காட்டியது.