1972-லேயே நின்றுபோன கணக்கு

மொரீசியஸ் ரூபாய் நோட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதன் கீழே இந்தி. 1998-இல் வந்த புது நோட்டுகளில் இந்தி மேலே ஏறி, தமிழ் கீழே இறங்கியது. இந்தத் தீவுக்கு முன்னால் வந்தவர்கள் நாங்கள் என்று தமிழர்கள் கொதித்தார்கள். அடுத்த ஆண்டே பழைய வரிசையில் நோட்டு அச்சாகி வந்தது. எந்த வரிசை சரி என்று எந்தப் பொருளாதாரக் கணக்கும் சொல்லாது. யாருக்கு என்ன மரியாதை என்ற விழுமியம்தான் அதைத் தீர்த்தது.

நோட்டில் இது பளிச்சென்று தெரிகிறது. எண்களால் ஆன கொள்கைகளிலோ உள்ளே ஒளிந்துகொள்கிறது. தேர்தலில் தோற்றவர்கள் சிலருக்கும் இடம் தரும் எங்கள் 'பெஸ்ட் லூசர்' முறையைப் பிரித்துப் பார்த்தால் புரியும்.

நாடாளுமன்றத்துக்கு மக்கள் நேரடியாக 62 பேரைத் தேர்ந்தெடுக்கிறோம். சிறிய சமூகங்கள் விடுபட்டுவிடக் கூடாது என்பதற்காக, தோற்ற வேட்பாளர்களிலிருந்து அதிகபட்சம் 8 பேரைத் தேர்தல் மேற்பார்வை ஆணையம் சேர்க்கும். அரசியலமைப்பு சொல்லும் சமூகங்கள் நான்கு: இந்து, முஸ்லிம், சீனர், இம்மூன்றிலும் சேராத 'பொது மக்கள்'. ஒரு சமூகத்துக்குக் கிடைத்த இடங்களோடு ஒன்றைக் கூட்டி, அதன் மக்கள்தொகையை அந்த எண்ணால் வகுப்பார்கள். ஈவு எதற்குப் பெரிதோ, இடம் அதற்கு.

ஒரு பேச்சுக்கு, இந்துக்களுக்கு 38 இடம், முஸ்லிம்களுக்கு 10, சீனருக்கு 1, பொது மக்களுக்கு 13 என்று வைத்துக்கொள்வோம். இந்துக்களின் தொகை 4,28,167. அதை 39-ஆல் வகுத்தால் சுமார் 10,979. இப்படியே முஸ்லிம்களுக்கு 12,462, சீனருக்கு 12,042, பொது மக்களுக்கு 16,919. முதல் இடம் பொது மக்களுக்குப் போகும்.

வகுத்ததில் பிழையே இல்லை. ஆனால் அந்த 4,28,167 எந்தக் காலத்துத் தொகை? 1972-இல் எடுத்த கணக்கு! 1982-இல் ஆட்சிக்கு வந்தவர்கள் 'ஒரே மக்கள், ஒரே தேசம்' என்று நம்பியவர்கள். குடிக்கணக்கில் சமூகம் கேட்பதை நிறுத்தினார்கள். பெஸ்ட் லூசர் இடங்களை மட்டும் யாரும் எடுக்கவில்லை. ஒற்றுமை முக்கியம் என்ற எண்ணம் "எண்ணாதே" என்றது. சிறுபான்மைக்குக் காப்பு வேண்டும் என்ற எண்ணம் "எண்ணு" என்றது. இரண்டுமே நல்ல எண்ணங்கள். இரண்டையும் விட மனமில்லாமல் நாடு பழைய எண்ணையே கட்டிக்கொண்டது.

தமிழர்கள் நிலைமை இன்னும் சிக்கல். குடிக்கணக்கில் மதம் என்ற இடத்தில் 'தமிழ்' என்றே எழுதுகிறவர்கள் எங்களில் நிறையப் பேர். காவடிக்கு அரசு விடுமுறை உண்டு. இடக் கணக்கில் மட்டும் எங்களுக்கென்று ஒரு கட்டம் கிடையாது. 'இந்து' என்பதற்குள் அடங்கிவிடுகிறோம். எனக்கு இது உறுத்துகிறது. ஐந்தாவது கட்டம் ஒன்றைப் போட்டால் உறுத்தல் போய்விடும் என்றும் நான் நினைக்கவில்லை. அடுத்து தெலுங்கர் கேட்பார்கள், மராத்தியர் கேட்பார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தானே.

புதிய தொகை இல்லாமல் வேட்பாளர்களைச் சமூகம் சொல்லக் கட்டாயப்படுத்துவது தன்னிச்சையானது என்று 2012-இல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது. அரசு 2014 தேர்தலுக்கு மட்டும் ஒரு தற்காலிகத் திருத்தம் கொண்டுவந்தது: சமூகம் சொல்லாமலே வேட்புமனு கொடுக்கலாம், ஆனால் தோற்றால் பெஸ்ட் லூசர் இடம் கிடையாது.