பின்தங்கிய டிஸ்க் தன்னை நலம் என்றே சொல்லும்

ஐப்பசி இடிமழை தொடங்கியதும் எனக்கு இந்த அழைப்பு வந்துவிடுகிறது. மின்சாரம் போய் வந்தது, சர்வர் எழவில்லை, ஒரு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு மற்றதைக் கொண்டு ஓட்டினோம், ஓடுகிறது. ஆனால் சித்திரைக்குப் பிறகு எடுத்த கல்யாணப் படங்கள் எதையும் காணோம். இந்த மழைக்கு இது மூன்றாவது. இம்முறை மார்த்தாண்டம் பக்கம் ஒரு ஸ்டுடியோ.

லினக்ஸ் சர்வர், ரெய்டு 1: அதாவது இரண்டு டிஸ்க்குகள் ஒரே தொகுப்பாக, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும் மிர்ரர். சித்திரையிலேயே ஒரு டிஸ்க் தொகுப்பிலிருந்து விலகிவிட்டது. மற்றது ஆறு மாதம் தனியாக உழைத்திருக்கிறது. மழையன்று அவர்கள் கழற்றியது அந்த உழைத்த டிஸ்க்கைத்தான். அதோடு விட்டிருந்தாலும் மீட்டிருக்கலாம். பழைய டிஸ்க்கில் சர்வரை ஓட்டி, நல்லதை அதனுடன் புதிதாகச் சேர்த்தார்கள். சித்திரை மாதத்து நிலை நல்ல டிஸ்க்கின் மேல் முழுவதும் எழுதப்பட்டுவிட்டது.

"மிர்ரர்தானே சார், எதை எடுத்தாலும் ஒன்றுதானே?" என்று கேட்டார் உரிமையாளர். இல்லை. இரண்டும் சேர்ந்து ஓடும்வரைதான் ஒன்று. ஒன்று விலகிய நொடியோடு அது உறைந்துபோகிறது. மற்றது மட்டும் முன்னே போகிறது. மீண்டும் சேர்க்கும்போது எது சரியான பிரதி என்று சர்வர் உங்கள் படங்களைத் திறந்து பார்த்து முடிவு செய்யாது. ஓடிக்கொண்டிருப்பது மூலம், சேர்க்கப்படுவது நகல். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். டிஸ்க்கின் விளக்கு மினுங்குவதை வைத்தும் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கண்டுபிடிப்பது கடினமல்ல. தொகுப்பின் நிலையை லினக்ஸ் காட்டும் எம்டிஸ்டாட் (/proc/mdstat) கோப்பில், டிஸ்க்குக்கு ஒன்றாக இரண்டு 'யூ' (U) இருக்க வேண்டும். ஒன்றின் இடத்தில் அடிக்கோடு இருந்தால் ஒரு டிஸ்க் தொகுப்பில் இல்லை. அடுத்து, தொகுப்பை நிர்வகிக்கும் எம்டிஅட்ம் (mdadm) நிரலின் எக்ஸாமின் (--examine) கட்டளையை, தொகுப்பின் மேல் அல்ல, ஒவ்வோர் உறுப்பின் மேலும் தனித்தனியாக ஓட்டுங்கள். தொகுப்பில் நடந்த மாற்றங்களை எண்ணும் 'ஈவென்ட்ஸ்' எண் குறைவாகவும், கடைசியாகப் பதிந்த நேரமான 'அப்டேட் டைம்' பழையதாகவும் இருப்பதே பின்தங்கியது.

அனுபவமுள்ளவர்களும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அதே கட்டளை காட்டும் 'அரே ஸ்டேட்' (தொகுப்பின் நிலை) வரி, பின்தங்கிய டிஸ்க்கில் இரண்டு டிஸ்க்குகளும் நலம் என்றே காட்டும். அது விலகிய பிறகு நடந்தது எதுவும் அதில் எழுதப்படவில்லையே! துணை இல்லை என்று காட்டுவதுதான் பெரும்பாலும் புதிய டிஸ்க். ஆனால் பழையதைத் தனியாக ஒருமுறை ஓட்டிவிட்டால் அதிலும் இன்றைய தேதி ஏறிவிடும். ஆகவே ஓட்டுவதற்கு முன்பே பாருங்கள்.

டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ (sda), எஸ்டிபி (sdb) என்ற பெயர்களை நம்பிக் கழற்றாதீர்கள். மறுதொடக்கத்தில் அவை இடம் மாறக்கூடும். சீரியல் எண்ணைப் பார்த்து, டிஸ்க்கின் மேல் சீட்டு ஒட்டி வையுங்கள். எம்டிஅட்ம் கண்காணிப்பில் உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள். சித்திரையில் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. மிர்ரர் ஒருபோதும் பேக்கப் ஆகாது, ஒன்றில் அழித்தது மற்றதிலும் அழியும். தனிப் பிரதி ஒன்று கடைக்கு வெளியே இருக்கட்டும்.

சந்தேகம் வந்தால் எதையும் சேர்க்காமல், சர்வரை அணைத்துவிட்டு அழையுங்கள். இரவானாலும் பரவாயில்லை, நாகர்கோவிலிலிருந்து வந்துவிடுகிறேன். அந்த ஸ்டுடியோவில், கேமரா கார்டுகளில் அழிக்காமல் மிஞ்சியிருந்த இரண்டு கல்யாணங்களைத்தான் என்னால் எடுத்துக் கொடுக்க முடிந்தது.