சளி பிடித்த மூக்கோடு கடலுக்குள் இறங்காதீர்கள்

அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்கு எட்டுப் பேராகப் போய்வந்த அலுவலக நண்பர்களில் ஒருவர் காதைப் பொத்தியபடி என் முன் உட்கார்ந்தார். புறப்படும்போதே ஜலதோஷம். மூக்கடைப்புச் சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு, முதுகில் காற்று உருளையோடு நீருக்கடியில் மூழ்கும் ஸ்கூபாவுக்கு இறங்கியிருக்கிறார். மூன்று மீட்டரில் ஊசி குத்துவதுபோல வலி. மற்றவர்கள் கீழே கோமாளி மீனைப் பார்த்துக்கொண்டிருக்க, தான் மட்டும் மேலேறுவதா என்று பல்லைக் கடித்துக்கொண்டார். 'டப்' என்றது. வலி சட்டென்று குறைந்தது. ஆனால் கடலே சுழன்றது. செவிப்பறையில் ஓட்டை விழுந்து, குளிர்ந்த நீர் நடுக்காதுக்குள் புகுந்திருந்தது.

"ஆழமே போகவில்லையே டாக்டர்?" என்றார். எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். பத்து மீட்டரில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்காகிவிடும். அடுத்த இரட்டிப்புக்கு முப்பது மீட்டர் போக வேண்டும். ஆகவே காதுக்குச் சோதனை அந்த முதல் சில மீட்டர்களில்தான். மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் மெல்லிய குழாய் திறந்தால்தான் உள்ளே காற்று போய் அழுத்தம் சமமாகும். சளி பிடித்தால் அது வீங்கி அடைத்துக்கொள்ளும். சொட்டு மருந்து தற்காலிகமாகத் திறந்துவிடும். நீருக்கடியில் அதன் வீரியம் தீர்ந்தால், மேலேறும்போது காற்று வெளியேற வழியிருக்காது. அதுவும் ஆபத்துதான்.

மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுவதை வலி வருவதற்கு முன்பே தொடங்குங்கள். ஒவ்வொரு மீட்டருக்கும் ஓரிரு முறையாவது செய்யுங்கள். காது திறக்கவில்லையா, சற்று மேலேறி மறுபடி முயலுங்கள். முக்கி ஊதாதீர்கள், உள்காதே சேதமாகலாம். பயிற்றுநர் உங்களைப் பிடித்துக்கொண்டுதான் வருவார், ஆனாலும் காதுவலியை நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காதைச் சுட்டுங்கள். கட்டைவிரலை உயர்த்தினால் 'நன்றாக இருக்கிறேன்' என்று பொருளில்லை. 'மேலே போகலாம்' என்று பொருள். இது தெரியாமல் குழம்பியவர்கள் ஏராளம்.

சளி இருந்தால் ஸ்நார்க்கெல் என்ற சுவாசக் குழலைப் போட்டு மேற்பரப்பில் மிதந்துகொள்ளலாம், கீழே முங்காமல். கிளிமீன் பவளப்பாறையைக் கொறிக்கும் சத்தம் அங்கேயே கேட்கும்.

பயணத் திட்டம் போடுபவருக்கு ஒன்று: கடைசி நாள் காலையில் ஸ்கூபா, மதியம் சென்னை விமானம் என்று வைக்காதீர்கள். ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் 12 மணி நேரம், பல முறை இறங்கியிருந்தால் 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நீரின் அழுத்தத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவ்வளவு நேரம் பிடிக்கும்; அதற்குள் பறந்தால் அது உடலுக்குள்ளேயே குமிழியாகலாம்.

நண்பரின் செவிப்பறை சில வாரங்களில் தானே மூடிக்கொண்டது. அதுவரை தலைக்குக் குளிக்கும்போதெல்லாம் வாஸ்லின் தடவிய பஞ்சு.