ஜூன் விடுமுறையும் பிள்ளைகளின் கண்களும்

சிங்கப்பூரில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. ஆண்டு முழுக்க வெயிலும் மழையும்தான்; மே மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கொதிக்கும். ஆனாலும் ஜூன் வந்தால் பள்ளிகளுக்கு நான்கு வாரம் விடுமுறை. நம் பிள்ளைகளுக்கு அதுதான் கோடை.

கண் பரிசோதனை என் தொழில். விடுமுறையில் பிள்ளைகளோடு வரும் குடும்பங்கள் அதிகம். "லீவுல என்ன பண்றே தம்பி?" என்று கேட்டால் டியூஷன், டேப்லட், மறுபடியும் டியூஷன் என்று பதில் வரும். அதே கேள்வியைக் கூட வந்த அப்பாவிடமோ பாட்டியிடமோ திருப்பினால் முகமே மலர்ந்துவிடும். தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்தவர் நுங்கையும் கிட்டிப்புள்ளையும் ஆற்றுக் குளியலையும் சொல்வார். இங்கேயே பிறந்தவர் லோங்காங் என்ற மழைநீர்க் கால்வாயில் கப்பி மீன் பிடித்ததை, அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருட்டும்வரை பந்து விளையாடியதைச் சொல்வார். எல்லாமே திறந்தவெளியில் நடந்தவை. அந்தச் சந்தோஷம் அவர்கள் கண்களையும் காத்தது என்பது பலருக்குத் தெரியாது.

பள்ளி வயதில் கண் வளர்ந்துகொண்டே இருக்கும். விழி அளவுக்கு மீறி நீண்டுவிட்டால் கிட்டப்பார்வை வருகிறது. ஒரு மில்லிமீட்டர் கூடினாலே, நம் ஊர்க் கணக்கில் 250 முதல் 300 டிகிரி வரை (அதாவது 2.5 முதல் 3 டயாப்டர்) பவர் ஏறிவிடும். பளிச்சென்ற வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அது இந்த நீட்சியைத் தடுக்க உதவுகிறது என்பது ஆய்வாளர்கள் பலரும் ஏற்கும் விளக்கம். வீட்டு ஹாலில் எல்லா விளக்கையும் போட்டாலும் சில நூறு லக்ஸ்தான் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) கிடைக்கும். வெட்டவெளியில் அது 10,000 லக்ஸைத் தாண்டும். மரநிழலில்கூட ஆயிரக்கணக்கில் இருக்கும் என்பதால் பிள்ளை வெயிலில் காய வேண்டியதில்லை. தொப்பி போட்டு நிழலில் ஓடினாலும் பலன் உண்டு. நாளுக்கு 2 மணி நேரம் வெளியே இருப்பது நல்லது.

நம் நாட்டில் பதின்ம வயது முடிவதற்குள் பத்தில் எட்டுப் பேருக்குக் கிட்டப்பார்வை வந்துவிடுகிறது. பவர் மிக உயர்ந்தால் பிற்காலத்தில் விழித்திரை பிரிதல், கண் அழுத்த நோய் போன்ற ஆபத்துகளும் கூடும்.

வெயிலுக்குப் பெற்றோர் பயப்படுவது நியாயம்தான். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி செல்சியஸ் பதிவானது. அதனால் நேரம் பார்த்து அனுப்புங்கள். காலை பத்துக்குள், அல்லது மாலை ஐந்துக்கு மேல். இங்கே ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கும். வானிலை காட்டும் அரசாங்கத்தின் மைஈஎன்வி (myENV) செயலியில் வெப்ப அழுத்தம் 'அதிகம்' என்று காட்டினால் அன்று வெளி விளையாட்டைத் தள்ளிப்போடுங்கள். தண்ணீர் பாட்டில் கட்டாயம். மரினா பேரேஜில் பட்டம் விடலாம், ஈஸ்ட் கோஸ்ட்டில் மணல் வீடு கட்டலாம், உபின் தீவில் சைக்கிள் ஓட்டலாம். எதுவும் முடியாவிட்டால் புளோக்குக்குக் கீழே இருக்கும் விளையாட்டுத் திடலே போதும்.

பெரியவர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. தங்கள் கோடையை அவ்வளவு ஆசையாகப் பேசுகிறவர்கள், பிள்ளையின் ஜூன் மாதத்தை மட்டும் துணைப்பாடத்தால் நிரப்பிவிடுகிறார்கள். தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வு பற்றிய பயம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் மாலையில் ஒரு மணி நேரத்தையாவது விட்டுவைக்கலாம். நீங்களும் கூடவே இறங்குங்கள். உங்கள் பவர் அதனால் குறையாது, உண்மைதான். ஆனால் நாள் முழுக்கத் திரையைப் பார்த்து, இமைக்க மறந்து காய்ந்துபோன கண்ணுக்கு அந்த ஒரு மணி நேரம் நல்ல ஓய்வு. பந்தைத் துரத்தும் சந்தோஷத்துக்கும் வயது கிடையாது.

சரி, ஏற்கெனவே கண்ணாடி போட்ட பிள்ளை என்றால்? வெளியே விளையாடுவது மட்டும் போதாது. பவர் ஏறுவதை மெதுவாக்க, குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்தும் அதற்கென்றே செய்த கண்ணாடிகளும் இப்போது இருக்கின்றன. உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று கண் மருத்துவரிடம் கேளுங்கள். பிள்ளை கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலோ தொலைக்காட்சிக்கு நெருங்கி உட்கார்ந்தாலோ, பள்ளி திறக்கும்வரை காத்திருக்காமல் அழைத்து வாருங்கள்.