திருப்பணிக்கு முன் படியெடுங்கள்: பாண்டியர் கல்வெட்டுகள் குறித்து

மதுரை ஒத்தக்கடையை அடுத்த ஆனைமலையின் அடிவாரத்தில் உள்ள நரசிங்கப் பெருமாள் குடைவரையில், பாண்டியன் பராந்தகனின் அமைச்சன் மாறன் காரியைப் பற்றிய செய்தி வட்டெழுத்தில் தமிழாகவும் கிரந்த எழுத்தில் வடமொழியாகவும் வெட்டப்பட்டிருக்கிறது. உத்தரமந்திரிப் பதவியில் இருந்த அவன் இந்தக் கற்றளியை, அதாவது கற்கோயிலைச் செய்து, நீர்தெளிக்கும் (குடமுழுக்குச் செய்யும்) முன்பே இறந்துவிட, அவனுக்குப் பின் அப்பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து நீர்தெளித்தான் என்பது செய்தி. அண்ணன் தம்பி கதையாக மட்டும் இதைப் படித்துவிட்டுப் போகலாம். ஆனால் கிரந்தப் பகுதியில் கலியாண்டு 3871 என்ற குறிப்பு இருக்கிறது. அதாவது கி.பி. 770. முற்காலப் பாண்டியரின் காலக்கணக்கு முழுவதற்கும் முளையடித்துக் கொடுத்த வரிகளில் இது ஒன்று.

இதன் அருமை வேள்விக்குடிச் செப்பேட்டை அருகில் வைத்துப் பார்த்தால் தெரியும். நெடுஞ்சடையன் பராந்தகனின் மூன்றாம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்ட அந்தப் பத்து ஏடுகள்தாம் களப்பிரருக்குப் பிந்தைய பாண்டியர் வரலாற்றின் முதுகெலும்பு. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி கொடுத்த ஊர் களப்பிரர் காலத்தில் பறிபோயிற்று என்று கொற்கைகிழான் நற்சிங்கன் மன்னனிடம் முறையிடுகிறான். பழைய உரிமையை மெய்ப்பித்துக் காட்டச் சொல்கிறான் மன்னன். அவன் காட்ட, ஊர் திரும்பக் கிடைக்கிறது. இந்த வழக்கை எழுதும் சாக்கில் கடுங்கோன், அவனிசூளாமணி, சேந்தன், அரிகேசரி, கோச்சடையன், தேர்மாறன், நெடுஞ்சடையன் என்று ஏழு தலைமுறையை வரிசையாகச் சொல்லிச் செல்கிறது செப்பேடு. ஆனால் அதில் சக ஆண்டும் இல்லை, கலியாண்டும் இல்லை. செப்பேட்டில் ஆணத்தியாக (அரசாணையை நிறைவேற்றும் அதிகாரியாக) வரும் கரவந்தபுரத்து மாறங்காரியும் ஆனைமலையின் மாறன் காரியும் ஒருவரே என்று கண்டபின்தான் அந்த ஏழு பேரையும் காலவரிசையில் நிறுத்த முடிந்தது. மலையடிவாரத்துக் கல் ஒன்று சிதைந்திருந்தால், செப்பேடு கையில் இருந்தும் பாதிப் பயன்தான்.

இரண்டாம் வரகுணனின் கதையும் இதுவே. பழனிப் பக்கத்து ஐவர்மலையில், குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் சமணத் தீர்த்தங்கரரான பார்சுவ பட்டாரரின் திருமேனியையும் இயக்கியர் (சமணப் பெண்தெய்வங்கள்) உருவங்களையும் புதுக்கி 505 காணம் பொன் அளித்ததைச் சொல்லும் கல்வெட்டு, சக ஆண்டு 792ஐயும் வரகுணனின் எட்டாம் ஆண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. கி.பி. 870இலிருந்து எட்டாண்டு பின்னோக்கி எண்ணி, அவன் 862இல் அரியணை ஏறினான் என்று பாடநூல்கள் எழுதுவது இந்த ஒரு கல்லை நம்பித்தான். இன்னும் பழங்காலத்துக்குப் போனால் சான்றுகள் மேலும் அருகிவிடுகின்றன. சங்க காலப் பாண்டியரின் பெயரைத் தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்தில் தாங்கி நிற்கும் கல்வெட்டுகளில் தலையாயவை மதுரை அருகே மாங்குளத்தில் இருக்கின்றன. ராபர்ட் சீவல் அவற்றை 1882இல் கண்டறிந்த பிறகு, அவை தமிழ் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் நிறுவும்வரை நாற்பதாண்டுக்கு மேல் ஆயிற்று. படிக்க ஆள் வரும்வரை கல் அங்கேயே இருந்தது, அவ்வளவுதான்.

பிற்காலப் பாண்டியரிடம் சிக்கல் வேறு மாதிரி. மாறவர்மன், சடையவர்மன் என்ற பட்டங்கள் மாறி மாறி வரும். சுந்தரன், வீரன், குலசேகரன், விக்கிரமன் என்ற பெயர்களே திரும்பத் திரும்ப வரும். ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்டோர் ஆட்சியாண்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள். இதை அவிழ்க்க உதவியவை கல்வெட்டுத் தொடக்கத்தில் வரும் நாயிறு (சூரிய மாதம்), பக்கம் (வளர்பிறை அல்லது தேய்பிறை), கிழமை, நட்சத்திரக் குறிப்புகள். ஆய்வாளர்கள் கீல்ஹார்னும் எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளையும் அந்தக் குறிப்புகளைக் கணித்துத்தான் சுந்தர பாண்டியர்களைப் பிரித்தறிந்தார்கள். ஒரு கல்வெட்டில் தானமும் எல்லையும் பத்து வரிக்கு நன்றாக இருந்து, கிழமையும் நாளும் வரும் அரை வரி மட்டும் போய்விட்டால், அது எந்தச் சுந்தர பாண்டியனுடையது என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் போகலாம்.

கல்வெட்டுப் படியெடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த அரை வரிதான் பெரும்பாலும் முதலில் போகிறது. பாண்டிய நாட்டின் ஒரு சிற்றூர்ச் சிவன் கோயிலில், பக்தர் வரிசைக்காக ஸ்டீல் கம்பி நட்டபோது, கோயில் அடித்தளத்தின் குமுதப்படையில் ஆட்சியாண்டு இருந்த இடத்திலேயே துளையிட்டிருந்தார்கள். வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. கீழே எழுத்து இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. சுண்ணாம்பு அத்தனை கனமாகப் படிந்திருந்தது. தரையை உயர்த்தி டைல்ஸ் பதிக்கும்போது அடித்தளத்தின் கீழ்ப்படையான ஜகதியிலுள்ள கல்வெட்டு மண்ணுக்குள் போகிறது. மண்டபத்தைப் பிரித்துக் கட்டும்போது கற்களுக்கு இடும் வரிசை எண்ணை எழுத்தின் மேலேயே பெயிண்டால் எழுதுகிறார்கள். கட்டி முடித்தபின் பார்த்தால் கல் மாறி, வாக்கியம் பாதியில் வேறொரு தானத்துக்குத் தாவியிருக்கும்.

எல்லாவற்றிலும் கொடியது மணல் வீச்சு. அழுத்தக் காற்றால் மணலை வாரி இறைக்கும்போது அழுக்கோடு கல்லின் மேற்பரப்பும் உதிர்கிறது. மேலோட்டமாக வெட்டப்பட்ட எழுத்துகள் அதன்பின் வெறும் சொரசொரப்பாகத்தான் தெரியும். அந்தச் சொரசொரப்பில் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் முன்னைவிட வேகமாக ஒட்டும். தடை இருந்தும், குடமுழுக்கு நாள் நெருங்க நெருங்க இந்த இயந்திரத்தை யாராவது கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள். அறநிலையத் துறையின் பார்வைக்குள் வராத குலதெய்வக் கோயில்களில் கேட்பாரும் இல்லை.

கோயிலைப் புதுப்பிக்கக் கூடாது என்பதன்று என் வாதம். பழையதைப் பிரித்துக் கட்டுவது அக்காலத்திலும் நடந்ததுதான். திருமழபாடியில் முதலாம் இராசராசனின் 28ஆம் ஆண்டில் விமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணையானபோது, அதிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைக்கச் சொன்னார்கள். பத்தாண்டுக்கு மேல் கழித்து, இராசேந்திரனின் 14ஆம் ஆண்டில், அவற்றை மீண்டும் கல்லில் வெட்டினார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பிருந்த அந்த நடைமுறை இன்றைய திருப்பணி மதிப்பீட்டில் ஒரு வரியாகக்கூட இடம்பெறாததுதான் என் மனக்குறை. தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இக்கோயிலுக்கு ஏதேனும் குற்றம் நேர்ந்தால் அதை நீக்கிக் காப்பவரைப் பணிகிறேன் என்று அங்கே பாட்டாகவே வெட்டி வைத்தான். அவன் பணிந்தது நம்மைத்தான்.

மைப்படி எடுப்பது செலவு பிடிக்கும் வேலையும் அன்று. மென்மையான தூரிகையும் வெறும் நீரும் கொண்டு கல்லைத் துடைத்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் இறக்கி, ஈரம் வற்றும் பக்குவத்தில் மைப்பொதியால் ஒற்றினால், எழுத்து வெள்ளையாகவும் சுற்றிடம் கறுப்பாகவும் தாளில் வந்துவிடும். கல்லுக்கு எந்தச் சேதமும் இல்லை. எழுத்தைத் தெளிவாகப் பார்க்கும் ஆசையில் மாவு பூசுவதும், சாக்பீஸால் தேய்ப்பதும், வெள்ளைப் பெயிண்டை நிரப்புவதும்தான் சேதம். அதைவிட, எழுத்தின் பக்கவாட்டிலிருந்து ஒரு டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழுந்து எழுத்து தானே எழும். அந்த நிலையில் கைபேசியில் எடுத்த படமே பல நேரம் படிக்கப் போதும்.

எனவே ஊரில் திருப்பணிக் குழு கூடும்போதே, ஸ்தபதியையும் ஒப்பந்தக்காரரையும் அழைக்கும் முன்பு, மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அதிட்டானம் (அடித்தளம்), சுவர், நிலைக்கால், தூண் என எல்லாவற்றையும் பார்வையிடக் கேளுங்கள். சுண்ணாம்புப் பூச்சின் அடியிலும் பார்க்கச் சொல்லுங்கள். கோயிலோடு நிறுத்திவிடவும் வேண்டாம். பாண்டிய நாட்டுக் கண்மாய்களின் குமிழித் தூண்களிலும் (நீர் திறக்கும் மதகுத் தூண்கள்) மடைக்கற்களிலும் கல்வெட்டு இருப்பதுண்டு. தூர்வாரும் ஜேசிபி ஓட்டுநருக்கு அது வெறும் கல்தான். வேலை தொடங்குமுன் கண்மாய்க்குள் ஒருமுறை நடந்து, எழுத்துள்ள கல்லைச் சுற்றி நான்கு கழி நட்டுக் கயிறு கட்டி, அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.